போர்டில் கூடிய ஓர் எழுத்து

வேலவன் துணை

வீரபாண்டி
12-9-1968

மாமா அவர்களுக்கு மயிலாள் எழுதிக்கொண்டது.

இங்கே நான் சுகம். நீங்கள் கலர் பனியன் ஆர்டர் பிடிக்கக் கல்கத்தா ரயில் ஏறி இன்றோடு இருபத்து மூன்று நாள் ஆகிறது. கடுகெண்ணெய்ச் சமையல் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருந்தீர்கள். சேக் தாவூது பாய் அதே லாட்ஜில்தானே தங்கியிருக்கிறார், அவர் எங்கே சாப்பிடுகிறாரோ அங்கேயே சாப்பிடுங்கள். திருப்பூர்க்காரருக்குத் திருப்பூர் வயிறு தெரியும்.

சாயப்பட்டறையில் வேலை நிற்கவில்லை. ஆட்கள் நால்வரும் வருகிறார்கள். நீங்கள் கொடுத்துவிட்டுப் போன மாந்தளிர்க் கலர் சாம்பிளுக்கு இரண்டு முறை தொட்டி போட வேண்டியதாயிற்று. முதல் தடவை ஈரத்தில் பார்த்துவிட்டு ஆட்கள் 'சரியாப் போச்சுங்க' என்றார்கள். காய்ந்த பிறகு காலை வெயிலில் சாம்பிள் துண்டோடு வைத்துப் பார்த்தேன், ஒரு மட்டம் குறைவாக இருந்தது. ஈரத் துணியில் நிறம் சொல்லக்கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தான். அவசரப்பட்டு முதலில் சொல்கிறவரும் நீங்கள்தான்.

நீங்கள் கேட்ட, பட்டறைப் பேர் போட்ட லெட்டர் தாள் இருநூறு அடித்து, பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஆயுத பூசை வருகிறது, வாசல் போர்டில் எழுத்தெல்லாம் உரிந்து கிடக்கிறது. அதனால் போர்டு எழுதும் பழனிமுத்துவை வரச் சொல்லியிருக்கிறேன். அதில் இங்கிலீஷில் ஓர் எழுத்து விட்டுப் போயிருந்தது. தாளில் சேர்த்து அடித்தாயிற்று, போர்டிலும் சேர்த்துவிடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

மயிலாள்


முருகன் துணை

கல்கத்தா
20-9-1968

மயிலாளுக்கு சென்னியப்பன் ஆசீர்வாதம்.

பார்சல் கிடைத்தது. தாளைப் பிரித்துப் பார்க்காமலேயே இரண்டு எடுத்துக்கொண்டு பெரிய வியாபாரி ஒருவரின் கடைக்குப் போனேன். அங்கே ஒரு வங்காளிக் குமாஸ்தா. என் பழைய தாளும் அவனிடம் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, 'இப்பவாவது சரி செய்தீர்களே' என்று சிரித்தான். தாவூது பாயும் கூட இருந்தார். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

குமாஸ்தா ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்டினான். டையிங் என்று வாய் சொல்வது ஒன்றுதான். ஆனால் எழுத்தில் இரண்டு உண்டு. சாயம் போடுவது என்றால் நடுவில் 'ஈ' என்னும் எழுத்து நிற்க வேண்டும். அது இல்லாமல் எழுதினால் சாவது என்று அர்த்தம். அதாவது ஒன்பது வருடமாக நம் வாசலில் 'வேலவன் சாகும் தொழிற்சாலை' என்று தொங்கியிருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை படித்த நான் என் கைப்பட எழுதிக்கொடுத்த போர்டு அது. இந்த ஒன்பது வருடத்தில் வடக்கே எத்தனை கடைகளில் எத்தனை குமாஸ்தாக்கள் சிரித்தார்களோ தெரியவில்லை.

அது போகட்டும். எனக்கு ஒன்று தெரிய வேண்டும். நீ ஐந்தாம் வகுப்பு, அதுவும் தமிழ்ப் பள்ளிக்கூடம். ஏ, பி, சி, டி கூட உனக்குத் தெரியாது. தப்பு என்று உனக்கு யார் சொன்னது? மறைக்காமல் எழுது.

சென்னியப்பன்


வீரபாண்டி
26-9-1968

மாமா அவர்களுக்கு,

யாரும் சொல்லவில்லை. நானே பார்த்தேன்.

தப்பு சரியானதில் உங்களுக்குக் கொஞ்சமாவது சந்தோஷம் இருக்கும் என்று நினைத்தேன். கடிதத்தை இரண்டு முறை படித்தேன், சந்தோஷம் எங்கேயும் இல்லை. 'யார்' என்பது மட்டும் பெரிதாக இருக்கிறது. 'எப்படிப் பார்த்தாய்' என்று கேட்டிருந்தால் எப்படி என்று சொல்லியிருப்பேன். யார் என்று கேட்கிறவருக்குச் சொல்ல என்னிடம் யாரும் இல்லை.

போர்டு வேலை முடிந்தது. மஞ்சள் அடிப்பூச்சு, சிவப்பு எழுத்து. பூசைக்குப் பொரி கடலை வாங்கி வைத்திருக்கிறேன்.

மயிலாள்


முருகன் துணை

கல்கத்தா
4-10-1968

மயிலாளுக்கு,

இங்கே பூஜைக்காகக் கடைகளை எல்லாம் மூடிவிட்டார்கள். எனக்கு வேலை இல்லாமல் லாட்ஜில் உட்கார்ந்து மூன்று நாள் யோசித்தேன்.

வீரபாண்டியில் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். போஸ்ட் மாஸ்டர் நம் பட்டறைப் பக்கம் வந்ததே இல்லை. ஹெட்மாஸ்டருக்குக் காது கேட்காது, அவர் யாரிடமும் பேசுவதில்லை. கம்பவுண்டர் எழுதுவதை எந்த மருந்துக் கடைக்காரனாலும் படிக்க முடியாது. அச்சாபீஸ்காரர் எழுதிக் கொடுத்ததை அடிப்பவர், சொந்தமாக ஒரு புள்ளி வைக்கமாட்டார். மிச்சம் பழனிமுத்து. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன். என் வாசலில் ஏணி போட்டு ஏறி இறங்கியவன். எத்தனை நாள் ஏணி போட்டான், எத்தனை டம்ளர் காப்பி குடித்தான் என்று எனக்குத் தெரியாதா?

நான் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, என் எழுத்தை என் வாசலிலேயே அழித்திருக்கிறாய். நமக்குப் பிள்ளை இல்லை என்று ஊர் ஏற்கெனவே வாய் நீட்டுகிறது. இது வேறு சேர்ந்தால் நான் எங்கே முகத்தைக் கொண்டு வைப்பேன்?

போர்டைப் பழையபடி மாற்று. அதைவிட முக்கியம், யார் சொன்னது என்று எழுது. இல்லையென்றால் நெருப்பெரிச்சல் ஊரிலிருந்து அண்ணனை வரவழைத்துப் பட்டறைச் சாவியை வாங்கிக்கொள்ளச் சொல்வேன். நீ உன் அம்மா வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் இருக்கலாம்.

தீபாவளிக்கு வர முடியாது. வேலை இருக்கிறது.

சென்னியப்பன்


வீரபாண்டி
10-10-1968

மாமா அவர்களுக்கு,

அண்ணனை வரவழைப்பேன் என்று எழுதினீர்கள். நீங்கள் அதை எழுதும்போதே அவருக்கும் எழுதிவிட்டீர்கள் போலிருக்கிறது. உங்கள் கடிதம் வந்த மறுநாள் காலை அவர் வாசலில் நிற்கிறார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தலையைத் தூக்கிப் போர்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏனம்மிணி, போர்டுல என்னமோ மாத்தீட்டயாமா?"

"ஆமாங்க. உட்டுப்போன எழுத்தச் சேர்த்தனுங்க."

"அது உனக்கெப்படித் தெரியும்?"

"உங்களுக்குத் தெரியுமுங்களா?"

அவருக்கும் தெரியாது, அதனால் கோபம் வந்துவிட்டது. "சாவிய இப்படிக் குடு. தம்பி எழுதியிருக்கறான்" என்று கை நீட்டினார்.

"அவுங்க எனக்கும் எழுதட்டுமுங்க. குடுன்னு எழுதுனா நானே உங்க ஊடு தேடி வந்து குடுத்துப்போட்டுப் போறனுங்க" என்றேன். காப்பி கொண்டுவந்து வைத்தேன். அவர் தொடவில்லை. போகும்போது தொட்டி எத்தனை, கழி எத்தனை, டப்பா எத்தனை என்று எண்ணிப் பார்த்துக்கொண்டு போனார். இந்தப் பட்டறை நாளைக்கு யாருக்குப் போகும் என்று அவர் எப்போதோ கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். பிள்ளை இல்லாத வீட்டுக்கு அக்கறைக்காரர்கள் அதிகம்.

பழனிமுத்துவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர் வந்தது இரண்டு நாள், குடித்தது நாலு டம்ளர். எழுத்தைப் பற்றி நானே அவரிடம் கேட்டுப் பார்த்தேன், அவருக்காவது தெரிகிறதா என்று. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எழுதிக் குடுத்தத எழுதறதுதானுங்கக்கா என்ற வேலை. தப்பா ரைட்டான்னு நான் பாக்க ஆரம்பிச்சா எனக்கு எவன் வேலை குடுப்பான்?" ஒன்பது வருடத்துக்கு முன்னால் நீங்கள் எழுதிக் கொடுத்ததைத் தப்போடு எழுதியவரும் அவர்தான் என்பதை மறந்துவிட்டீர்கள்.

சாவி என்னிடம்தான் இருக்கிறது. உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன். எனக்கு மனசு சரியில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். இதை எழுதாமல் விட்டால் நான் திமிராக இருக்கிறேன் என்று நினைப்பீர்கள்.

மயிலாள்


முருகன் துணை

கல்கத்தா
18-10-1968

மயிலாளுக்கு,

அண்ணன் கேட்டும் சாவி கொடுக்கவில்லை. நல்லது. அதிலிருந்தே எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

நீ எழுதாததை நான் எழுதுகிறேன், சரியா என்று பார். புதன்கிழமை மத்தியானம் பழனிமுத்து மறுபடி வந்தான். கையில் ஏணி இல்லை, பிரஷ் இல்லை. பட்டறை வாசலில் வேப்பமர நிழலில் நின்று உன்னிடம் பேசினான். நீ பச்சைப் புடவை கட்டியிருந்தாய். ஏதோ ஒரு பொட்டலத்தை அவனிடம் கொடுத்தாய். அவன் அதை வாங்கிச் சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு போனான். போகிறவன் போர்டைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

யார் எழுதினார்கள் என்று கேட்காதே. எனக்கும் வேண்டப்பட்டவர்கள் ஊரில் இருக்கிறார்கள். போர்டுக்கு வேலை முடிந்து ஒரு மாதம் ஆகப் போகிறது. அவனுக்கு இன்னும் அங்கே என்ன வேலை? பொட்டலத்தில் என்ன?

கல்கத்தாவில் இருந்தாலும் எனக்குக் கண் இருக்கிறது என்பதை நினைவில் வை.

சென்னியப்பன்


வீரபாண்டி
26-10-1968

மாமா அவர்களுக்கு,

தீபாவளி வந்து போய்விட்டது. ஆட்களுக்கு வேட்டி துண்டு எடுத்துக் கொடுத்தேன். உங்களுக்கு எடுத்தது பெட்டியில் இருக்கிறது.

பொட்டலத்தில் இருந்தது கழிவு நூல். பிரஷ் துடைக்கப் பழனிமுத்து கேட்டார், கொடுத்தேன். போர்டைப் பார்த்துச் சிரித்தது அவர் எழுதியது அவருக்கே அழகாகத் தெரிந்ததால் இருக்கும். நீங்கள் சொன்னது எல்லாம் சரி, நிழல் உட்பட. பச்சைப் புடவை என்பதில் மட்டும் சின்னத் திருத்தம் உண்டு, அது கிளிப்பச்சை. நிறம் பார்க்கத் தெரியாதவர்தான் வெறும் பச்சை என்பார். உங்கள் வேண்டப்பட்டவருக்கும் உங்கள் கண்தான் போலிருக்கிறது.

உங்கள் சொல்லைத் தட்டி எனக்கு என்ன ஆகப் போகிறது? யோசித்துப் பார்த்தேன். நேற்றுக் காலை பழனிமுத்துவைக் கூப்பிடாமல் நானே ஏணி போட்டு ஏறினேன். அந்த ஓர் எழுத்தின் மேல் மட்டும் மஞ்சள் பூசி அழித்துவிட்டேன். போர்டு இப்போது நீங்கள் எழுதிக் கொடுத்தபடியே இருக்கிறது. இனி உங்களுக்கு நிம்மதியாக இருக்கும்.

கல்கத்தாவில் மழையா, வெயிலா? எழுதுங்கள்.

மயிலாள்


முருகன் துணை

கல்கத்தா
5-11-1968

மயிலாளுக்கு,

இங்கே மழைதான்.

நீ இவ்வளவு துணிந்து பொய் எழுதுவாய் என்று நான் நினைக்கவில்லை. எழுத்தை அழித்துவிட்டேன் என்று எழுதுகிறாய். அந்த எழுத்து போர்டில் அப்படியே இருக்கிறது. நேற்றுக்கூட இருந்தது. ஒரு பொட்டு மஞ்சள்கூட அதன்மேல் படவில்லை. எழுத்தில் பொய் சொல்கிறவள் மற்றதில் எவ்வளவு சொல்லியிருப்பாள்?

இனி எழுதுவதற்கு ஒன்றுமில்லை. வரும் 15-ஆம் தேதி வெள்ளிக்கிழமை அண்ணன் வருவார். இந்தக் கடிதமே அத்தாட்சி. சாவியை அவரிடம் கொடுத்துவிடு. உன் துணிமணிகளை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போ. பட்டறையை இனி அண்ணன் மகன் பார்த்துக்கொள்வான். நான் கல்கத்தாவிலிருந்து வந்த பிறகு மற்றதைப் பேசிக்கொள்ளலாம்.

சென்னியப்பன்


வேலவன் துணை

வீரபாண்டி
9-11-1968

மாமா அவர்களுக்கு மயிலாள் எழுதிக்கொண்டது.

இந்தக் கடிதத்தைக் கொண்டு வருபவர் என் தங்கை செல்லாத்தாளின் வீட்டுக்காரர். ஈரோடு ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கும் லாட்ஜுகளில் விசாரித்து உங்களைக் கண்டுபிடித்துக் கொடுக்கச் சொன்னேன். வீட்டுச் சண்டை எதுவும் அவருக்குத் தெரியாது. நீங்கள் வியாபார விஷயமாக அங்கே இறங்கியிருப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அவரை உட்காரவைத்து ஒரு காப்பி வாங்கிக் கொடுங்கள்.

நீங்கள் முதலில் கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன்.

பம்பாயிலிருந்து வரும் சாயப்பொடி டப்பாவை மாதம் பத்துக்குக் குறையாமல் நான்தான் திறக்கிறேன். அதன் மூடியில் பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கும். எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் நான் செய்கிற வேலை என்ன? சாம்பிள் துண்டைத் துணிக்குப் பக்கத்தில் வைத்து, எங்கே ஒத்துப்போகிறது, எங்கே போகவில்லை என்று பார்ப்பது. பன்னிரண்டு வயசிலிருந்து கண் அதற்கே பழகிவிட்டது. எது கிடைத்தாலும் இன்னொன்றோடு வைத்துப் பார்க்கும்.

மூடியிலிருக்கும் ஒரு சொல் நம் போர்டில் இருக்கும் சொல்லைப் போலவே இருந்தது. கவட்டை போல ஓர் எழுத்து, அடுத்து மூடியில் மூன்று பல் உள்ள சீப்பைப் போல ஓர் எழுத்து. போர்டில் அந்தச் சீப்பு மட்டும் இல்லை. மற்றதெல்லாம் ஒன்று. டப்பாக்காரன் தப்பாக அடித்திருப்பான் என்றுதான் முதலில் நினைத்தேன், உங்களைத் தப்பு என்று நினைக்க மனசு வரவில்லை. வேறு கம்பெனி டப்பா வரட்டும் என்று காத்திருந்தேன். எட்டு மாசம் கழித்து வந்தது. அதிலும் சீப்பு இருந்தது. இரண்டு சாம்பிள் ஒத்துப்போனால் துணியில்தான் குறை என்று நாம் முடிவு செய்வோம் இல்லையா?

அது தெரிந்து மூன்று வருடம் ஆகிறது. மூன்று வருடமும் நான் வாயைத் திறக்கவில்லை. எட்டாம் வகுப்புப் படித்ததை நீங்கள் எவ்வளவு பெருமையாகச் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆட்கள் முன்னால் உங்கள் எழுத்தைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் கல்கத்தா போன பிறகு, மழையில் போர்டும் உரிந்த பிறகு, சத்தமில்லாமல் சேர்த்துவிட்டால் நீங்கள் தப்பாக எழுதியது யாருக்குமே தெரியாமல் போய்விடும் என்று நினைத்தேன். டப்பா மூடியை அச்சாபீஸில் காட்டித் தாள் அடித்தேன், பிறகு அதையே பழனிமுத்து கையில் கொடுத்து, 'இதுல இருக்கறாப்புலயே எழுதுங்க' என்றேன். அவ்வளவுதான் நடந்தது. நீங்கள் இல்லாத நேரம் பார்த்துச் செய்தேன் என்று எழுதினீர்கள். ஆமாம், நீங்கள் இல்லாத நேரம் பார்த்துத்தான் செய்தேன், உங்களுக்காக.

இனி உங்கள் விஷயம்.

உங்கள் கடிதங்களை எல்லாம் நான் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன். 18-ஆம் தேதிக் கடிதத்தில், புதன்கிழமை நடந்ததை வெள்ளிக்கிழமை எழுதியிருக்கிறீர்கள். இங்கிருந்து எவராவது எழுதி அது கல்கத்தா போய்ச் சேரவே நாலு நாள் ஆகுமே என்று எனக்கு உறுத்தியது. கவரை எடுத்துத் தபால் முத்திரையைப் பார்த்தேன். பழைய கவர்களின் முத்திரையோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஒத்துப்போகவில்லை. மேலே இந்தி, கீழே இங்கிலீஷ், இரண்டும் எனக்கு ஒன்றுதான். ஆனால் இந்த முத்திரையில் இங்கிலீஷில் முதல் எழுத்து சீப்பு, கடைசி எழுத்தும் சீப்பு. கல்கத்தா முத்திரையில் சீப்பே கிடையாது. இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தேடினால், ஈரோட்டிலிருந்து செல்லாத்தாள் போடும் கார்டுகளில் இருக்கிறது. எட்டுக் கார்டு எடுத்து வைத்துப் பார்த்தேன். எட்டும் ஒத்துப்போயிற்று.

எந்த எழுத்தை அழி என்று எனக்கு உத்தரவு போட்டீர்களோ, அந்த எழுத்துத்தான் உங்களைக் காட்டிக்கொடுத்தது.

அப்போதும் நான் நம்பவில்லை. கல்யாணமாகி ஒன்பது வருடமான மனுஷன், பெண்டாட்டியை வேவு பார்க்க ஐந்நூறு காத தூரத்திலிருந்து வந்து பக்கத்து ஊரில் ஒளிந்துகொள்வான் என்று எப்படி நம்புவது? அதனால்தான் எழுத்தை அழித்துவிட்டதாகப் பொய் எழுதினேன். கல்கத்தாவில் இருப்பவராக இருந்தால் நம்பியிருப்பீர்கள். 'நேற்றுக்கூட இருந்தது' என்று எழுதினீர்கள். அன்றைக்கு எதிர்க்கடையில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்ததாக ஆட்கள் சொன்னார்கள், அது நீங்கள்தான். நான் அந்தப் பக்கம் திரும்பியிருந்தால் பார்த்திருப்பேன். ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டைத் தேடினவன் கதையாக, எனக்குள் எவனையோ தேடிக்கொண்டு என் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

என் கடிதங்கள் கல்கத்தா போய், தாவூது பாய் கையால் திரும்பி ஈரோட்டுக்கு வந்து சேருகின்றன என்று நினைக்கிறேன். அந்த மனுஷருக்கு எதற்கு இந்தப் பாவம்?

எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய் ஆகிவிடும். ரொம்பக் கோபம் இருக்கிறது. அதைவிட வெட்கமாக இருக்கிறது, உங்களை நினைத்து. தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்தீர்களா, யார் வீட்டில் சாப்பிட்டீர்கள் என்று நினைத்தபோது அழுகையும் வந்தது. அதற்காக என்னையே திட்டிக்கொண்டேன்.

சாவி என் இடுப்பில் இருக்கிறது. உங்கள் அண்ணனிடம் கொடுக்கமாட்டேன், அத்தாட்சிக் கடிதம் எத்தனை காட்டினாலும் கொடுக்கமாட்டேன். கல்கத்தா என்று பொய்யாகத் தலைப்பு எழுதிய கடிதம் எதற்கும் அத்தாட்சி ஆகாது. உங்களுக்கு வேண்டுமானால் நீங்கள் வாருங்கள். துண்டைத் தலையிலிருந்து எடுத்துவிட்டு, முன் வாசலில் அந்தப் போர்டுக்குக் கீழே நின்று, என் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். அந்த நிமிஷமே கொடுத்துவிட்டுச் செல்லாத்தாள் வீட்டுக்குப் போய்விடுவேன். அதன் பிறகு நிறம் பார்க்க நீங்கள் வேறு ஆள் தேடிக்கொள்ள வேண்டும்.

மயிலாள்


ஈரோடு
11-11-1968

மயிலாளுக்கு,

உன் தங்கை வீட்டுக்காரருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தேன். அவர் எதிரிலேயே உன் கடிதத்தைப் படிக்க வேண்டியதாயிற்று. 'ஏனுங்க, ஊட்டுல எல்லாரும் சௌக்கியந்தானுங்களே?' என்று கேட்டார். சௌக்கியம் என்றேன்.

போன மாதம் 4-ஆம் தேதி உனக்கு எழுதிய பிறகு எனக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. ஒரு வாரத்தில் ரயில் ஏறிவிட்டேன். உன் கடிதங்களைத் திருப்பி அனுப்பும்படி பாயிடம் சொன்னபோது அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் சுடுகிறது. 'வேண்டாமுங்க சென்னியப்பா, நேரா ஊட்டுக்குப் போங்க' என்றார். நான் கேட்கவில்லை. வாரத்தில் இரண்டு நாள் பஸ் ஏறி வந்து எதிர்க்கடையில் உட்கார்ந்தேன். பார்த்ததெல்லாம் நீ வேலை செய்வதைத்தான். அதைப் பார்த்தும் என் புத்தி அடங்கவில்லை. தீபாவளியன்று மெஸ்ஸில் சாப்பிட்டேன். வெறும் சோறும் ரசமும்.

அந்தக் குமாஸ்தா சிரித்ததைவிட, எனக்குத் தெரியாத ஒன்று உனக்குத் தெரிந்துவிட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உனக்குத் தானாக அது தெரிந்திருக்க முடியாது, எவனோ இருக்க வேண்டும் என்று நினைப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. இதை எழுத நான் மூன்று தாள் கிழித்தேன்.

அண்ணனுக்கு வர வேண்டாம் என்று எழுதிப் போட்டுவிட்டேன். சாவி உன்னிடமே இருக்கட்டும். நான் கேட்க மாட்டேன். சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன், நீ சரி என்று ஒரு கார்டு போட்டால். போடாவிட்டால் கல்கத்தாவுக்கே போகிறேன், இந்த முறை நிஜமாக.

இந்தக் கடிதத்தின் தலையில் ஊர்ப் பெயரை உள்ளபடி எழுதியிருக்கிறேன். முத்திரையோடு வைத்துப் பார்த்துக்கொள்.

சென்னியப்பன்


வீரபாண்டி
13-11-1968

மாமா அவர்களுக்கு,

கார்டில் எழுதுகிறேன், தபால்காரர் படித்தாலும் பாதகமில்லை.

முத்திரையைச் செல்லாத்தாள் கார்டோடு வைத்துப் பார்த்தேன். ஊர் ஒத்துப்போகிறது. சனிக்கிழமை வாருங்கள், தீபாவளி வேட்டி பெட்டியில் இருக்கிறது.

நீங்கள் எழுதியதை நம்பிவிட்டேனா என்று வந்ததும் கேட்காதீர்கள். இப்போதைக்குச் சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் இன்னும் ஈரமாக இருக்கிறது. காயட்டும், பிறகு சொல்கிறேன்.

மயிலாள்